ஃபேஷன் டிசைன்: காலேஜா, ஐடிஐயா? சந்தேகங்களும் விளக்கங்களும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் ஃபேஷன் டிசைன் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். “பொண்ணு நல்லா வரையுறா. மூணு வருஷம் காலேஜ்ல போடலாமா, ஒரு வருஷ கோர்ஸ் போதுமா?” பெண் நன்றாக வரைகிறாள் என்பது நல்ல செய்திதான். ஆனால் அதை மட்டும் வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அவள் எந்த வேலைக்குப் போகப் போகிறாள், வீட்டில் எவ்வளவு செலவழிக்க முடியும் என்பது தெரிய வேண்டும். அடிக்கடி வரும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

ஃபேஷன் டிசைன் என்பது ஒரே படிப்புதானே, எதற்கு இத்தனை பெயர்கள்?

ஒரே படிப்பு இல்லை. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டில் நான்கு ஆண்டு பி.டெஸ். பட்டம் இருக்கிறது. பாரதியார் பல்கலைக்கழகத்துடன் இணைந்த பல கல்லூரிகளில் மூன்று ஆண்டு பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் இருக்கிறது. கோவை, ஈரோடு பக்கம் ‘சிடிஎஃப்’ என்றாலே புரிந்துகொள்வார்கள். பொறியியல் கல்லூரிகள் சிலவற்றில் பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜி. பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு கார்மென்ட் டெக்னாலஜி டிப்ளமோ. ஐடிஐயில் ஓராண்டு ஃபேஷன் டிசைன் அண்ட் டெக்னாலஜி. இவை போக, ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் தொடங்கிய ஏடிடிசி மையங்களின் பயிற்சிகள், ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் தனியார் நிலையங்கள்.

அதிகம் பேர் எட்டிப் பார்க்காத இடம் ஒன்றும் உண்டு. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. அங்கே நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. படிப்பில் ஜவுளி வடிவமைப்பு ஒரு துறை. ஆடை தைப்பதைவிடத் துணியின் மேல் வரும் பூ, கட்டம், பார்டர் ஆகியவற்றில் மனம் போகிற பிள்ளைக்கு அது பொருந்தும். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணமும் குறைவு.

சிடிஎஃப் முடித்தால் டிசைனர் வேலை கிடைக்குமா?

பலருடைய ஏமாற்றமும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25-ல் 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இவ்வளவு பெரிய தொழில் நடக்கிற ஊரில் டிசைனர்களுக்கு வேலை கொட்டிக் கிடக்கும் என்று வெளியூரில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே நிலைமை வேறு. ஏற்றுமதி ஆர்டர்களில் பெரும்பாலும் டிசைன் வெளிநாட்டு பையரின் அலுவலகத்திலேயே முடிவாகிவிடும். ஆடையின் படம், ஒவ்வொரு சைஸுக்கும் அளவு, துணியின் கனம் (ஜிஎஸ்எம்), எந்த இடத்தில் ஓவர்லாக், எந்த இடத்தில் பேட்லாக், லேபிள் எங்கே வர வேண்டும் என்பது வரை எழுதிய ‘டெக் பேக்’ மின்னஞ்சலில் வந்து சேரும். இங்கே நடப்பது அதை ஆடையாக்கும் வேலை.

டெக் பேக்கைப் படித்துப் புரிந்துகொண்டு விலை போட்டுக் கொடுத்து, நூல் வாங்குவது முதல் நிட்டிங், டையிங், பிரின்டிங், பேக்கிங் வரை ஒவ்வொருவரையும் துரத்தி, சாம்பிள் அனுப்பி ஒப்புதல் வாங்கி, சரக்கு ஏற்றும் தேதி தவறாமல் பார்த்துக்கொள்பவர் மெர்ச்சண்டைசர். அளவுகளைக் காகிதத்தில் பேட்டர்னாக மாற்றுபவர் பேட்டர்ன் மாஸ்டர். அந்தப் பேட்டர்னைக் கணினியில் ஏற்றி, சைஸ் வாரியாக விரித்து, துணி வீணாகாமல் வெட்டுவதற்கான வரைபடமான மார்க்கரைப் போடுபவர் கேட் (CAD) ஆபரேட்டர். ஒரு ஆடைக்கு ஆகும் செலவில் பாதிக்கும் மேல் துணிக்கே போய்விடும். மார்க்கரில் ஒரு சதவீதம் துணி மிச்சமானாலும் பெரிய ஆர்டரில் அது நல்ல தொகை. நல்ல பேட்டர்ன் மாஸ்டரை எந்த கம்பெனியும் எளிதில் விட்டுவிடாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே இந்தப் படிப்பை முடிப்பவர்களில் அதிகம் பேர் மெர்ச்சண்டைசிங், சாம்பிள் பிரிவு, கேட், குவாலிட்டி, புரொடக்‌ஷன் என்று போகிறார்கள். டிசைனர் என்ற பெயரிலேயே வேலை இல்லாமல் இல்லை. உள்நாட்டு பிராண்டுகள், குழந்தைகள் உடை தயாரிப்பவர்கள், இணையத்தில் விற்கும் நிறுவனங்கள், சினிமா, பொட்டிக் எல்லாவற்றிலும் இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

இதிலிருந்து, காலேஜா ஒரு வருஷ கோர்ஸா என்ற தொடக்கக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது. மெர்ச்சண்டைசர் வேலைக்குப் பொதுவாக டிகிரி கேட்கிறார்கள். பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டும், எக்செல்லில் காஸ்டிங் போட வேண்டும், சிக்கல் வந்தால் பேசிச் சமாளிக்க வேண்டும். பேட்டர்ன் மாஸ்டரிடம் யாரும் சான்றிதழைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஒரு ஆடையைக் கையில் கொடுத்து ‘இதுக்குப் பேட்டர்ன் போடுங்க’ என்பார்கள். அந்த ஒன்றில் முடிவு தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், டிசைனர்தான் ஆவேன் என்று சொல்லும் பிள்ளையைப் பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் தெரிந்தவர் வழியாக ஒரு பனியன் கம்பெனிக்குள் கூட்டிச் செல்லுங்கள். கட்டிங் டேபிள், பவர் டேபிள், செக்கிங், அயனிங் எல்லாவற்றையும் அந்தச் சூட்டிலும் சத்தத்திலும் பார்த்துவிட்டு வந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தைரியமாகச் சேர்க்கலாம்.

அப்படியானால் பட்டம் எதற்கு? கைவேலை தெரிந்தால் போதாதா?

முதல் இரண்டு வருடம் போதும். அதற்குப் பிறகு பட்டம் கேட்கப்படும் இடங்கள் வரும். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 போன்ற தேர்வுகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், பி.எஸ்சி. சிடிஎஃப் படித்தவரும் எழுதலாம், ஐடிஐ மட்டும் படித்தவர் எழுத முடியாது. கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் முதுநிலைப் பட்டமும் நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும். வெளிநாட்டில் மேற்படிப்புக்கும் இளநிலைப் பட்டம் தேவை. பெரிய நிறுவனங்களில் சூப்பர்வைசரிலிருந்து மேலாளராகும் நேரத்தில் ‘டிகிரி இருக்கா?’ என்ற கேள்வி வந்து நிற்கும். பத்து வருட அனுபவத்தோடு அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பவர்கள் தொழிலில் நிறையப் பேர்.

வரன் பார்க்க வருபவர்கள் டிகிரி கேட்பார்கள் என்பதும் சில வீடுகளில் ஒரு காரணம். அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

பெரிய டிசைனர்கள் எல்லாம் படிக்காமலே வந்தவர்கள் என்கிறார்களே?

மனீஷ் மல்ஹோத்ரா முறைப்படி டிசைன் படித்தவர் அல்ல. சப்யசாச்சி முகர்ஜி கொல்கத்தா நிஃப்டில் 1999-ல் படித்து முடித்தவர். அவரவருக்கு வேண்டியவரைக் காட்டி எதை வேண்டுமானாலும் வாதாடலாம்.

நிஃப்டில் சேர முயற்சி செய்யலாமா? செலவு அதிகமாமே?

முயற்சி செய்யலாம். 1986-ல் டெல்லியில் தொடங்கிய நிஃப்டுக்கு 2006-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தானே பட்டம் வழங்கும் அதிகாரம் கிடைத்தது. சென்னை வளாகம் தரமணியில் இருக்கிறது. எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் பி.டெஸ்.ஸுக்கு விண்ணப்பிக்கலாம், ஆடை உற்பத்தி சார்ந்த பி.எஃப்.டெக்.குக்கு மட்டும் கணிதம் படித்திருக்க வேண்டும். 24 வயதுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு அதில் தளர்வு இருக்கிறது. நுழைவுத் தேர்வில் வரைதலும் கற்பனையும் சோதிக்கும் தாள், பொது அறிவுத் திறன் தாள், தேர்வானவர்களுக்குக் கையில் பொருட்களைக் கொடுத்து மாதிரி ஒன்று செய்யச் சொல்லும் தேர்வு என்று மூன்று கட்டம்.

சிக்கல்கள் மூன்று. தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஓராண்டு முன்பிருந்தே பயிற்சி தேவை. நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டும் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் உதவி நிஃப்டிலேயே இருக்கிறது, கல்விக் கடனும் கிடைக்கும் என்றாலும் விடுதிச் செலவு, ஒவ்வொரு பருவத்திலும் துணி, பேப்பர், பிரின்ட் என்று ஆகும் செலவு தனி. மூன்றாவது சிக்கலில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிறார்கள். விண்ணப்பம் பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில் தொடங்கி, ஜனவரி, பிப்ரவரி வாக்கில் தேர்வே முடிந்துவிடும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு விசாரிப்பவருக்கு அந்த ஆண்டு போய்விட்டது என்று அர்த்தம்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறேன். திருப்பூரில் உள்ள நிஃப்ட்-டீ கல்லூரி மத்திய அரசின் நிஃப்ட் வளாகம் அல்ல. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியில் 1997-ல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே கிடைப்பது பாரதியார் பல்கலைக்கழகப் பட்டம். தொழிலுக்கு நடுவில் இருப்பது அதன் பலம். இரண்டும் ஒன்று என்று நினைத்துச் சேரக் கூடாது, அவ்வளவுதான்.

பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜியும் சிடிஎஃப்பும் ஒன்றா?

இல்லை. பி.டெக்.கில் உற்பத்தி, இயந்திரம், தரக் கட்டுப்பாடு, வேலை நேரக் கணக்கு ஆகியவை அதிகம். சிடிஎஃப்பில் வரைதல், பேட்டர்ன், தையல், டிரேப்பிங் அதிகம். பி.டெக்.கிற்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்து, பொறியியல் கலந்தாய்வு வழியாக வர வேண்டும். சிடிஎஃப்பில் பெரும்பாலும் எந்தக் குரூப் படித்தவருக்கும் இடம் உண்டு.

இதில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கணிதம் படித்த அரசுப் பள்ளி மாணவிக்கு, ஒரு தனியார் நிலையத்தின் ஓராண்டுப் பயிற்சியைவிட நான்கு ஆண்டு பி.டெக். குறைந்த செலவில் முடிந்துவிட வாய்ப்பிருக்கிறது. ‘பி.டெக். என்றால் பணக்காரர் படிப்பு’ என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

ஐடிஐயில் என்ன கிடைக்கும்?

கைவேலை கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரலாம். ஓராண்டில் அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, அடிப்படைப் பேட்டர்ன், கொஞ்சம் ஸ்கெட்ச், கொஞ்சம் கணினி என்று பழகிவிடலாம். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார வைப்பார்கள். அது பெரிய நன்மை. கல்லூரியில் மூன்று வருடம் முடித்தும் நேராக ஒரு தையல் ஓட்ட வராத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, பாடப் புத்தகம் உண்டு. இதற்கு மேல், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இந்த ஆயிரம் ரூபாய் டிகிரிக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐடிஐ, டிப்ளமோ படிப்பவர்களுக்கும் உண்டு. பெண்களுக்கு ஐடிஐயில் உச்ச வயது வரம்பு கிடையாது. பிள்ளை பெற்று வளர்த்தபின் படிக்க வருகிற தாய்மார்களும் சேரலாம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஓராண்டுப் பயிற்சி என்பதால் மேற்படிப்புக்கு இது ஏணியாவது கடினம். பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டுக்குப் பிளஸ் டூ அல்லது இரண்டாண்டு ஐடிஐ கேட்பார்கள். ஃபேஷன் பிரிவு ஓராண்டோடு முடிந்துவிடுகிறது. ஆகவே பத்தாம் வகுப்பு முடித்த கையோடு பள்ளியை விட்டுவிட்டு இதில் சேர வேண்டாம் என்பேன். பிளஸ் டூவை முடித்துவிட்டுச் சேருங்கள். கையில் பிளஸ் டூ இருந்தால் 25 வயதில்கூட டிகிரிக்குத் திரும்ப முடியும்.

பாலிடெக்னிக் டிப்ளமோவை யாருமே பேசுவதில்லையே?

அதுதான் எனக்கும் வருத்தம். அரசுப் பாலிடெக்னிக்கில் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிகிற படிப்பு. பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மூன்றாண்டு. பிளஸ் டூ முடித்தவருக்கு இரண்டாண்டு. முடித்தபின் லேட்டரல் என்ட்ரி முறையில் பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேரலாம். நிஃப்டும் டிப்ளமோ முடித்தவர்களுக்கு மூன்றாம் பருவத்தில் நேரடிச் சேர்க்கை வைத்திருக்கிறது. அதற்குத் தனித் தேர்வு உண்டு. இன்னும் முடிவெடுக்க முடியாமல் தடுமாறும் பிள்ளைக்கு எந்தப் பக்கமும் அடைபடாத வழி இது. எல்லா ஊர்ப் பாலிடெக்னிக்கிலும் இந்தப் பிரிவு இல்லை என்பதுதான் குறை. மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பி.வொக். என்று ஒன்று சொல்கிறார்களே, அது பட்டமா, பயிற்சியா?

பட்டம்தான். பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2014-ல் கொண்டுவந்தது. ஓராண்டு படித்து நின்றால் டிப்ளமோ, இரண்டாண்டில் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றாண்டு முடித்தால் பட்டம். நடுவில் நிற்க நேர்ந்தாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும் என்பதால், வீட்டுச் சூழல் உறுதியில்லாத பிள்ளைகளுக்கு நல்லது. நேர்காணலில் ‘இது என்ன டிகிரி?’ என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நகரத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட். மூன்று வருடம், லட்சக்கணக்கில் கட்டணம். வேறு மாநிலப் பல்கலைக்கழக டிகிரி தருவதாகச் சொல்கிறார்கள். சேரலாமா?

கையெழுத்துப் போடுவதற்கு முன் நிறுத்துங்கள். இந்தியாவில் பட்டம் தரும் அதிகாரம் யாருக்கு என்பதை 1956-ஆம் ஆண்டின் யூஜிசி சட்டம் 22-ஆம் பிரிவில் சொல்கிறது. பல்கலைக்கழகமும், சட்டத்தால் அந்த அதிகாரம் பெற்ற நிறுவனமும் மட்டுமே தரலாம். கண்ணாடிக் கட்டடமும் வாசலில் பொம்மைக்கு மாட்டிய கவுனும் அந்த அதிகாரத்தைத் தந்துவிடாது. ‘ஐஎஸ்ஓ சான்று பெற்றது’, ‘அரசுப் பதிவு பெற்றது’ என்று பலகையில் இருப்பதும் பட்டத்துக்கான அங்கீகாரம் ஆகாது. பெட்டிக்கடையும் அரசிடம் பதிவு செய்யலாம்.

வேறு மாநிலப் பல்கலைக்கழகம் என்பதில்தான் சிக்கல் இன்னும் அதிகம். ஒரு மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் இன்னொரு மாநிலத்தில் விருப்பம்போலக் கிளை திறக்க முடியாது என்பது 2005-ல் யஷ்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின் உறுதியான நிலை. தனியார் பயிற்சி நிலையங்கள் மூலம் ஃபிரான்சைஸ் முறையில் பட்டப்படிப்பு நடத்துவதையும் யூஜிசி அனுமதிப்பதில்லை. சில இடங்களில் உண்மையில் நடப்பது என்னவென்றால், பகலில் இன்ஸ்டிட்யூட்டில் வகுப்பு. பட்டத்துக்கு எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பில் ஏதோ ஒரு பாடம். கடைசியில் கையில் வருவது ஃபேஷன் பட்டமாகவே இருக்காது.

சேர்க்கை அலுவலரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர், எந்தப் பட்டத்தின் பெயர் அச்சாகும்? பதில் வந்ததும் அந்தப் பல்கலைக்கழகம் யூஜிசி பட்டியலில் இருக்கிறதா, இந்த ஊரில் இந்தப் படிப்பை நடத்த அதற்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். வங்கிக்குப் போய்க் கல்விக் கடன் கேட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு வங்கிகள் பொதுவாகக் கல்விக் கடன் தருவதில்லை. உங்களுக்காக அவர்களே காகிதத்தைத் துருவிவிடுவார்கள்.

தனியார் நிலையம் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் பேட்டர்ன் மேக்கிங் அல்லது கேட் நன்றாகச் சொல்லித்தரும் சின்ன இடங்கள் உண்டு. டிகிரி என்று சொல்லாமல், பயிற்சி என்று சொல்லி, பயிற்சிக்கு உரிய கட்டணம் வாங்கினால் தாராளமாகச் சேரலாம்.

மகள் பொட்டிக் வைக்க வேண்டும் என்கிறாள். அதற்கு எது படிக்க வேண்டும்?

பொட்டிக் வைக்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. பிளவுஸ் ஃபிட்டிங் சரியாக வர வேண்டும். சொன்ன தேதிக்குக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டிலும் பெயர் எடுத்தவரிடம் முகூர்த்த மாதங்களில் இடம் கிடைக்காது. அதனால் ஐடிஐ அல்லது நல்ல குறுகிய காலப் பயிற்சி, கூடவே ஆரி வேலை, அதன் பிறகு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொட்டிக்கில் ஒன்றிரண்டு வருடம் வேலை. வாடிக்கையாளர் கோபத்தோடு பிளவுஸைத் திருப்பிக் கொண்டு வரும்போது எப்படிப் பேசுவது என்பதை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித் தராது. இன்னொருவர் கடையில் கற்றுக்கொள்வது மலிவு.

கடன் வாங்கும்போது மட்டும் படிப்பு உதவும். தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மானியத்தோடு கடன் கிடைக்கிறது. திட்ட மதிப்பு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். பட்டம், டிப்ளமோ, ஐடிஐ எது முடித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பயிற்சி நிலையம் தந்த வெறும் சான்றிதழுக்கும் ஐடிஐயின் தேசியத் தொழிற்சான்றிதழுக்கும் உள்ள வித்தியாசம் அந்த இடத்தில் தெரியும். வயது 35-ஐத் தாண்டி, தையல் தொழிலிலேயே இருப்பவர்கள் கலைஞர் கைவினைத் திட்டத்தை மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். அதில் 3 லட்சம் ரூபாய் வரை கடன் உண்டு.

பையன் இந்தப் படிப்பில் சேரலாமா?

சேரலாம். திருப்பூரில் கட்டிங் மாஸ்டர், பேட்டர்ன் மாஸ்டர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான்.

தையல் டீச்சர் வேலைக்கு என்ன வேண்டும்?

அதற்கு ஃபேஷன் பட்டம் மட்டும் உதவாது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் தையல் லோயர், ஹையர் இரண்டிலும் தேர்ச்சி பெற்று, தொழில் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் வாங்க வேண்டும். அந்தப் பயிற்சி கோடை விடுமுறையில் நடக்கும். ஆனால் காலியிட அறிவிப்பு எப்போதாவதுதான் வருகிறது. 2017-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பணிக்கு அறிவித்தபோது தையலும் அதில் இருந்தது. இதை ஒரு கூடுதல் தகுதியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஐடிஐயில் பயிற்றுநராக விரும்புகிறவர்களுக்கு மத்திய அரசின் கைவினைப் பயிற்றுநர் பயிற்சி தனியாக இருக்கிறது.

நாங்கள் நெசவாளர் குடும்பம். பிள்ளைக்குத் தனிச் சலுகை உண்டா?

உண்டு. கைவினைஞர்கள், நெசவாளர்களின் பிள்ளைகளுக்கு நிஃப்டில் தனிப் பிரிவில் சேர்க்கை நடக்கிறது. மத்திய அரசு வழங்கும் பெஹசான் அடையாள அட்டை வீட்டில் இருக்க வேண்டும். காஞ்சிபுரம், ஆரணி, சேலம் பக்கத்தில் அட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் இருக்கும் குடும்பங்கள் அதிகம். சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960 முதல் இயங்குகிறது. அதன் மூன்றாண்டு டிப்ளமோ, தறியை அறிந்த பிள்ளைக்குப் புதுப் பாடமாகவே இருக்காது. ஆடை தைக்கும் படிப்புகளைவிட இதில் போட்டியும் குறைவு.

அமெரிக்க வரியால் திருப்பூரே ஆடிப்போனது. இந்தத் துறையை நம்பலாமா?

2025 ஆகஸ்ட் இறுதியில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது அமெரிக்க பையர்களை நம்பியிருந்த கம்பெனிகள் தடுமாறியது உண்மை. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும் இதே பேச்சு எழுந்தது. கொரோனா காலத்திலும் எழுந்தது. ஊர் எழுந்து நின்றது. ஆனால் ஊர் எழுந்து நிற்பதும் தனி மனிதர் சம்பளம் தொடர்வதும் வேறு வேறு. ஆர்டர் குறையும் மாதத்தில் பேட்டர்ன் தெரிந்தவர் உள்நாட்டு பிராண்டுக்கு மாறிக்கொள்ளலாம், பிளவுஸ் தைக்கலாம். ஒரே பையரின் மெயிலுக்குப் பதில் போடுவதை மட்டும் கற்றவர் திணறுவார். எனவே டிகிரி படிக்கிற பிள்ளையும் கத்தரியும் மெஷினும் பழகியே ஆக வேண்டும்.

செலவும் தாங்காது, டிகிரியும் வேண்டும் என்பவர்கள் என்ன செய்வது?

பயிற்சியையும் டிகிரியையும் சேர்த்தே செய்யலாம். ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளைத் தொடர 2022 ஏப்ரலில் யூஜிசி வழிவகுத்தது. ஒன்று நேரடி வகுப்பாகவும் இன்னொன்று தொலைநிலையிலும் இருக்கலாம். பிளஸ் டூ முடித்துப் பயிற்சி பெற்று, சாம்பிள் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தில் அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் முடிப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. சில அரசுக் கலைக் கல்லூரிகளிலும் ஃபேஷன் பட்டப்படிப்பு இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணைய விண்ணப்பத்தில் முதலில் அதைத் தேடுங்கள்.

என் முடிவைக் கேட்டால்: அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் இடம் கிடைத்தால் டிகிரி. வீட்டுக்குச் சம்பாத்தியம் உடனே தேவை என்றால் பிளஸ் டூவுக்குப் பின் அரசு ஐடிஐ. நிஃப்டில் இடம் கிடைத்துக் கடனையும் தாங்க முடியும் என்றால் யோசிக்க வேண்டாம். பெயர் தெரியாத பட்டத்துக்கு லட்சங்கள் கட்டுவது மட்டும் கூடவே கூடாது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

கடைசி ஆண்டு மாணவிகள் போட்ட பேட்டர்ன்களைக் காட்டச் சொல்லுங்கள். ஃபேஷன் ஷோ ஆல்பம் வேண்டாம். தையல் கூடத்தில் ஒரு மெஷினுக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மெஷின்மேல் தூசி படிந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கேட் மென்பொருளுக்கு உரிமம் இருக்கிறதா, வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவர் கையில் கணினி கிடைக்கும் என்று கேளுங்கள். இன்டர்ன்ஷிப் எந்த கம்பெனியில், எத்தனை வாரம், அங்கே உண்மையில் என்ன வேலை கொடுத்தார்கள் என்பதைப் பேராசிரியரிடம் கேட்காதீர்கள். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருக்கும் மாணவிகளிடம் கேளுங்கள். அட்வான்ஸ் பணத்தை அதன் பிறகு கட்டுங்கள்.